கழுவிக் காயப்போட்ட பூட்ஸ்

ஆலயத்தின் மதில்மேல் இரண்டு ஜோடி பூட்ஸ் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவி செல்வியுடையது. உள்ளே மெஷின் சும்மா நின்றது. சபைச் செயலாளர் சார் கடிகாரத்தைப் பார்ப்பதும் பூட்ஸைப் பார்ப்பதுமாக முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். ஆலயத்தில் மணி அடிக்கும் தாசையன் அண்ணாச்சி மட்டும் மதிலை விட்டு நகரவில்லை. அப்பளம் காயப்போட்டவரைப்போல, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பூட்ஸாக எடுத்துத் திருப்பி வைத்தார்.

இரணியல் ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்று, போயும் விட்டது. பூட்ஸ் காயவில்லை.

சென்ற இதழில் துணிக்கடையின் ரப்பர் தரையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா, இத்தனை இடத்தில் தரையை உரித்த நீங்கள் எந்தத் தரையைப் பார்த்து மலைத்துப்போனீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த மதில்தான் முதலில் கண்முன் வந்தது. தரை அதற்குப் பிறகுதான் வந்தது.

உரிக்கிற மெஷின்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. தரையில் பசை போட்டு ஒட்டிய கார்ப்பெட், வினைல் விரிப்பு, ரப்பர் மேட் இவற்றையெல்லாம் உரித்து எடுப்பது என் வேலை. ஒட்டுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு. உரிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அதற்கென்று கரண்டில் ஓடும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். பார்ப்பதற்குப் புல் வெட்டும் மெஷின் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு ஆளின் எடை. முன்பக்கம் தரையோடு தரையாக ஒரு கனத்த பிளேடு. ஒன்றரைச் சாண் அகலம். கைப்பிடியில் இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் பிளேடு முன்னும் பின்னும் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. பிளேடு அசையாமல் இருப்பதுபோலவே தெரியும். அதன்முன்னால் இருபது வருஷம் இறுகிக் கிடந்த விரிப்பு, சூடான தோசை கல்லை விட்டு எழும்புவதுபோல எழும்பி வரும்.

கல்ஃபில் வேலை பார்த்தபோது ஒரு ஹோட்டல் வராந்தாவில்தான் அதை முதலில் பார்த்தேன். நான்கு பேர் நாள் முழுக்கச் சுரண்டுகிற இடத்தை அது காலைச் சாயாவுக்கு முன்னால் முடித்துவிட்டது. நான் கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இப்போதும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், முதல் கீற்று எழும்பும்போது எனக்கு அந்த மலைப்பு வரும்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மெஷினோடு வந்த புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. படங்கள் மட்டும்தான். கையின் மேல் சிவப்புக் கோடு. வெறுங்காலின் மேல் சிவப்புக் கோடு. கனத்த பூட்ஸுக்குப் பச்சை. கண்ணாடி, காது மூடி, கையுறை எல்லாவற்றுக்கும் பச்சை. சுவரிலிருந்து பிளக்கை உருவும் படம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. இவ்வளவு தடவை ஒரே படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாகுலின் செருப்பு

அந்த விஷயம் என்ன என்று காட்டியவன் சாகுல். தேங்காய்ப்பட்டணத்துக்காரன். கல்ஃபில் ஒரே அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவன்.

பிளேடு மழுங்கினால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் பிளக்கை உருவ வேண்டும். ஒருநாள் சாகுல் உருவவில்லை. பிளக் வராந்தாவின் அந்தக் கடைசியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க மடி, சோம்பல். மெஷினைப் பின்னால் சாய்த்துப் போல்ட்டைத் திருகினான். சாய்ந்த மெஷின் சுவரில் உரசி நெம்புகோல் இரண்டும் அழுந்தின. காலில் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தான். இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது.

இப்போது ஊரில் மீன் ஏலம் எடுக்கிறான். போன கோயில் கொடையின்போது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நல்லா இருக்கே என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு மக்கா. ரெண்டு வெரலுக்கு எடம் காலியாக் கெடக்கு. வாடகைக்கு ஆளு வந்தா சொல்லு" என்றான்.

செல்வி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரல்களை ஒரு துணியில் பொதிந்து ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனவன் நான்தான்.

அதனால் எங்கள் வேலையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நான் பிளேடைத் தொடுவதற்கு முன்னால் செல்வி போய்ப் பிளக்கை உருவுவாள். உருவிவிட்டுத் தன் கையில் பிடித்து, எனக்குத் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். நான் வேலையை முடித்து எழுந்திருக்கும் வரைக்கும் கையை இறக்க மாட்டாள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இருக்கட்டும்.

வாசலில் கழற்றியது

அந்த ஆலயம் இரணியல் பக்கம். வெள்ளைக்கார மிஷனரி காலத்துக் கட்டடம். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். உள்ளே கால் வைத்ததும் வெளியே இருக்கும் சத்தமெல்லாம் அறுந்துவிடும். மேலே மர உத்திரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

கல்ஃபுக்குப் போன சபைக்காரர்கள் ஒரு காலத்தில் சேர்ந்து கொடுத்த காணிக்கை, தரை முழுக்க வினைல் விரிப்பு. பச்சையில் வெள்ளைப் பூ. அந்த நாளில் பக்கத்துச் சபைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். இப்போது ஓரமெல்லாம் சுருண்டு, பெஞ்ச் கால்கள் நின்ற இடம் கிழிந்து, மழைக்காலத்தில் அடியிலிருந்து ஈரம் கசிந்தது. பிரதிஷ்டைப் பண்டிகை அடுத்த ஞாயிறு. அதற்குள் உரித்துத் துடைத்துத் தர வேண்டும் என்று செயலாளர் சார் கேட்டிருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். என்னிடம் பேசினால் நான் தலையை மட்டும்தான் ஆட்டுவேன் என்று தெரிந்துகொண்டு, செல்வியிடமே பேசினார்.

அடியில் என்ன தரை என்று கேட்டாள் செல்வி. சுட்ட ஓடு என்று கேள்வி, தான் பார்த்ததில்லை என்றார்.

நான் அன்றைக்கே ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தேன், பசை மூடியிருந்ததால் தரை சரியாகத் தெரியவில்லை. சதுரம் சதுரமான பழைய வினைலும் கறுப்புப் பசையுமாக இருந்தால் நான் தொடுவதில்லை. அந்தத் தூசி நெஞ்சுக்கு விஷம், அதற்கென்று தனி ஆட்கள் வேண்டும் என்று கல்ஃபில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இது ஒரே சுருளாக விரித்த சாதா வினைல். மஞ்சள் பசை. சரி என்று சொன்னேன்.

வேலை நாள் காலையில் மெஷினை இறக்கி வாசல் வரை உருட்டி வந்தோம். அங்கே தாசையன் அண்ணாச்சி நின்றார். ஆலயத்தின் கோயில்குட்டியார். மணி அடிப்பது, விளக்கு போடுவது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். வெள்ளை வேட்டி, தோளில் துவர்த்துத் துண்டு. வாசலுக்கு வெளியே செருப்பு விடும் பலகை. அதில் அவருடைய செருப்பு தனியாக, நேராக இருந்தது.

அவர் எங்கள் பூட்ஸை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

நாங்கள் அய்யாவழி. நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகும்போது தலையில் தலைப்பாகை இருக்கும், காலில் ஒன்றும் இருக்காது. கும்பிடுகிற இடம் யாருடையதாக இருந்தாலும் கால் தானாகவே செருப்பை விட்டுவிடும். நான் குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். செல்வியும் கழற்றினாள். தாசையன் அண்ணாச்சி தலையை லேசாக அசைத்தார். அந்த அசைப்பில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

சிவப்புக் கோடு போட்ட அந்தக் கால் படம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது. ஆனால் கழற்றின பூட்ஸை அவர் முன்னால் திரும்ப மாட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் தூவ, அவர் பெருக்க

பெஞ்சுகளை வாலிபர் சங்கத்துப் பையன்கள் முன்னமே வெளியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நான் தரை முழுக்கத் தவழ்ந்து கையுறைக் கையால் தடவி, பெஞ்சை இறுக்கியிருந்த பழைய ஸ்குரூ ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தேன். நான்கு நின்றன, கழற்றினேன். ஓடுகிற பிளேடு ஸ்குரூவில் முட்டினால் மெஷின் துள்ளும். செல்வி கொக்கிக் கத்தியால் விரிப்பைப் பிளேடின் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தாள்.

பிளேடின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கான்கிரீட் தரைக்குச் சரிவை மேலே பார்த்து மாட்டுவேன். மரத்துக்குக் கீழே பார்த்து மாட்டினால் தரையைக் குத்தாது, வழுக்கிப் போகும். சுட்ட ஓடு மரத்தைவிடப் பாவம். கீழே பார்த்தே மாட்டினேன். வயரைத் தோளுக்கு மேல் போட்டுப் பின்னால் விட்டுக்கொண்டேன். செல்வி பிளக்கைச் சொருகினாள்.

முதல் கீற்று எழும்பியது.

அடியில் சிவப்பு. ஓடு என்று தெரியவில்லை, முதலில் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. ஜன்னலில் விழுந்த வெயில் அதில் பட்டதும், சுவரின் வெள்ளையெல்லாம் லேசாகச் சிவந்துபோனது. செயலாளர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். தாசையன் அண்ணாச்சி துவர்த்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஓட்டின்மேல் பசை மெழுகுபோல ஒட்டியிருந்தது. பிளேடின் சூட்டில் அது இளகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் இளகும். காலில் பிடிக்காமல் இருக்க மரத்தூளைத் தூவிக்கொண்டே போக வேண்டும். தூவினேன்.

திரும்பிப் பார்த்தால் தூள் இல்லை. தாசையன் அண்ணாச்சி துடைப்பத்தோடு என் பின்னாலேயே வந்து பெருக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆலயத்தில் நாற்பது வருஷமாக எந்தக் குப்பையும் ஐந்து நிமிடம் கிடந்ததில்லையாம். நான் மறுபடி தூவினேன். அவர் மறுபடி பெருக்கினார். இப்படியே நான்கு கீற்று போனது. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் ஐந்தாவது கீற்றை ஆரம்பித்தேன்.

தீப்பெட்டி நிற்கும் இடைவெளி

ஓடுகிற மெஷினின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இது செல்விக்கும் தெரியும். ஐந்தாவது கீற்று சுருண்டு வந்து மெஷினின் தலையில் கவிழ்ந்துகொண்டது. நான் கையை எடுத்து மெஷினை நிறுத்தினேன். செல்வி முன்னால் வந்து சுருளை இழுத்து எறிந்தாள். எறிந்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். வழி சரி, ஓட்டலாம் என்று அர்த்தம். எப்போதும் கையைத் தூக்கும்போதே அவள் கால் விலகியிருக்கும்.

நான் நெம்புகோலை அழுத்தினேன்.

அவள் கால் விலகவில்லை. வெறும் பாதம் பக்கத்தில் உரித்த கீற்றின் பசையில் ஒட்டியிருந்தது. இழுத்தாள், உடம்பு வந்தது, கால் வரவில்லை. அப்படியே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். என் காதில் மூடி. அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன், சத்தம் கேட்கவில்லை. மெஷின் ஒரு சாண் முன்னால் போயிருக்கும்.

கையை விட்டேன்.

வேறு ஒன்றும் செய்யவில்லை. இழுக்கவில்லை, திருப்பவில்லை. இரண்டு கையையும் விட்டேன், அவ்வளவுதான். விட்டால் நிற்கும் என்று அந்த மெஷினைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ தெரியாது. அவன் பேரும் தெரியாது. ஆனால் ஒருநாள் இப்படி ஒருத்தி உட்கார்வாள், எதிரே நிற்பவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பயந்தவன் கை தானாக விடும் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அது பெரிய அதிசயம்.

பிளேடுக்கும் செல்வியின் குதிகாலுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைக்கலாம். அதற்குமேல் இடம் இல்லை.

ஓடிப்போய்ப் பிளக்கை உருவினேன். அதன்பிறகுதான் அவள் பக்கத்தில் போனேன். பாதத்தைப் பைய இளக்கி எடுத்தோம். தோல் கொஞ்சம் ஓட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் தன் கால்விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாகுலைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

வாய் திறந்தேன்

செயலாளர் சார் ஓடி வந்தார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் ஆறினதும், இனிமேல் பார்த்துச் செய்யுங்கள், ஞாயிறு பண்டிகை, வேலை நிற்கக் கூடாது என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை.

செல்வி எப்போதும் எனக்காகப் பேசுகிறவள். அன்றைக்கு அவளுக்குப் பேச்சு வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பூட்ஸ் இல்லாம இந்த மெஷினு இனி ஓடாது" என்றேன்.

என் குரல் அந்த உத்திரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. செயலாளர் சார் தயங்கினார். ஆலயத்துக்குள் செருப்புப் போடுகிற வழக்கம் நம் சபையில் இல்லையே, கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார். நான் தாசையன் அண்ணாச்சியைப் பார்த்தேன். இதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"மரத்தூளையும் பெருக்கக் கூடாது அண்ணாச்சி. அது குப்ப இல்ல. அது இல்லாத்ததுனாலதான் இவ காலு ஒட்டிச்சு."

அவர் முகம் கறுத்தது. செல்வியின் பாதத்தைப் பார்த்தார். கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார், வேலை போய்விட்டது என்று நினைத்தேன். சரி, போகட்டும் என்றும் நினைத்தேன். இவளுக்குப் பத்து விரலும் இருக்கிறது.

ஈரம்

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். இரண்டு கையிலும் எங்கள் பூட்ஸ்.

குழாயடியில் வைத்துக் கழுவியிருந்தார். அடிப்பாகம், மேல்பாகம், உள்பக்கம் எல்லாம். தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருந்தார். வருஷக்கணக்காக அதிலிருந்த சிமென்ட் கறைகூடப் போயிருந்தது. தோளில் கிடந்த துவர்த்தால் துடைத்து, செல்வியின் முன்னால் அவளுடைய ஜோடியையும், என் முன்னால் என் ஜோடியையும் நேராக வைத்தார். யாரும் தொட்டுக் கழுவாத பூட்ஸ் அவை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"போட்டுக்கிடுங்க" என்றார். "சுத்தம் பண்ணியாச்சு. இனி ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். சொன்னா எனக்கிட்ட சொல்லட்டு."

பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இப்போது நான் என்ன செய்ய? அவ்வளவு பெரிய மனசோடு கொண்டுவந்து வைத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? அன்றைக்கு இரண்டு தடவை பேசியாகிவிட்டது. அதுவே எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஈரத்தோட போட்டா கரண்டு அடிச்சி ரெண்டுபேரும் நேரா மோட்சத்துக்குத்தான் போவோம். அதுக்கு இந்தப் பூட்ஸு தேவையில்லியே."

தாசையன் அண்ணாச்சி பூட்ஸைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கையிலும் ஒரு ஜோடியாகத் தூக்கிக்கொண்டு மதிலை நோக்கி நடந்தார்.

அப்படித்தான் அந்தப் பூட்ஸ் மதில்மேல் ஏறியது.

சீக்கிரம் காய உள்ளே தாள் திணிக்கலாம் என்றாள் செல்வி. செயலாளர் சார் தன் அறையிலிருந்து ஒரு கட்டுப் பழைய அறிவிப்புத் தாள்களைக் கொண்டுவந்தார். தாசையன் அண்ணாச்சி அதை அப்படியே திணிக்க விடவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அதில் வேத வசனம் அச்சாகியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். வசனம் இருந்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இல்லாததை மட்டும் கசக்கிப் பூட்ஸுக்குள் திணித்தார். நான்கு பூட்ஸுக்கும் வசனம் இல்லாத தாள் கிடைப்பதற்குள் அந்தக் கட்டு முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் காய்ந்தது. வெயில் ஏறியதும் நான்கு பேரும் புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. செயலாளர் சார்கூடக் கடிகாரத்தை விட்டுவிட்டார்.

மஞ்சள் வட்டங்கள்

பிறகு வேலை ஓடியது. நான் தூவிய தூள் தூவிய இடத்திலேயே கிடந்தது. தாசையன் அண்ணாச்சி தூரத்தில் நின்று, பெருக்காமல் இருக்கிற கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். கீற்றுக்குக் கீற்று சிவப்பு அகலமாகிக்கொண்டே வந்தது.

பீடத்துக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் மர அழித் தடுப்பு உண்டு. திருவிருந்து அப்பம் வாங்க வருகிறவர்கள் அந்த அழிக்கு முன்னால் வரிசையாக முழங்கால் போடுவார்கள். வினைல் வந்த நாளிலிருந்து அங்கே நீளமாக மெத்தை போட்டிருந்தார்களாம். அந்த வரிசையை உரிக்கும்போதுதான் ஒரு விசித்திரத்தைக் கண்டேன்.

மற்ற இடங்களில் இரண்டாவது தடவை ஓட்டியதும் பசை சுத்தமாக வந்துவிட்டது. இங்கே மட்டும் சிவப்புத் தரையில் மஞ்சள் மஞ்சளாக வட்டங்கள் நின்றன. உள்ளங்கை அகலம். இரண்டு இரண்டாக.

பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். செல்வி போய்ப் பிளக்கை உருவித் தலைக்கு மேலே தூக்கினாள். புதுப் பிளேடு மாட்டி மறுபடி ஓட்டினேன். அப்படியே நின்றன. பிளேடு வட்டங்களின் மேலே வழுக்கிப் போனது. தரை அங்கே பிளேடுக்கு எட்டவில்லை.

மெஷினை நிறுத்தினேன். செல்வி மறுபடி பிளக்கை உருவிக்கொண்டு வந்து குனிந்து, ஒரு வட்டத்தில் விரலை வைத்தாள். பசை உள்ளே அமுங்கியது. குழி. அவள் ஒரு முழங்காலை அதில் வைத்தாள். மற்ற முழங்காலைப் பக்கத்துக் குழியில் வைத்தாள். இரண்டும் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தின.

"கேட்டியளா" என்று மெதுவாக என்னைக் கூப்பிட்டாள். "இது ஆளுக முட்டு வச்ச எடம்."

நான் அந்த வரிசையைப் பார்த்தேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இரண்டு இரண்டாகக் குழிகள். நெருப்பில் சுட்ட ஓடு அது. உளி வைத்தால் தெறிக்கும். அதை உளி இல்லாமல், சுத்தியல் இல்லாமல், வெறும் முழங்காலால் குழித்திருக்கிறார்கள். ஒருவர் வைத்த இடத்தில் அடுத்தவர், அவர் எழுந்த இடத்தில் அவர் பிள்ளை. எத்தனை ஆட்கள், எத்தனை ஞாயிறு. என் மெஷினின் எடையும் துடிப்பும் அன்றைக்கு எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

செயலாளர் சார் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, பண்டிகைக்கு முன்னால் சிமென்ட் வைத்து நிரப்பி மட்டமாக்கிவிடலாமா என்று கேட்டார். தாசையன் அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். காலையில் எங்கள் பூட்ஸைப் பார்த்த அதே பார்வை. செயலாளர் சார் அதற்குப் பிறகு சிமென்ட் என்ற சொல்லை எடுக்கவில்லை.

குழிக்குள் மெஷின் போகாது. கையால்தான் சுரண்ட வேண்டும். நான் மெஷினை ஓரமாக உருட்டி, பிளேடைக் கழற்றிக் கனத்த துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வந்து அழியின் முன்னால் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன்.

"காலையில அந்தப் பாடு படுத்திட்டு, இப்ப என்னத்துக்குக் கழத்துதிய?" என்றாள் செல்வி.

"மெஷினு நிண்ணாச்சுல்லா" என்றேன்.

அவள் தானும் கழற்றினாள். தாசையன் அண்ணாச்சி குனிந்து இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, இந்த மட்டம் கழுவாதீங்க" என்றாள் செல்வி.

அவர் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பூட்ஸைப் பலகையில் தன் செருப்புக்குப் பக்கத்தில், நேராக வைத்தார்.

சின்னச் சுரண்டியை எடுத்துக்கொண்டு முதல் குழியில் ஆரம்பித்தேன். பசை துண்டு துண்டாக வந்தது. துணியால் துடைத்தபோது உள்ளே ஓடு கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. முதல் ஜோடி முடிந்தது. அடுத்ததைச் சுரண்ட வேண்டுமென்றால் முழங்காலை எங்காவது ஊன்ற வேண்டும். ஊன்றுவதற்கு வேறு இடம் இல்லை. சுத்தம் செய்த குழிகளிலேயே என் இரண்டு முழங்காலையும் வைத்தேன். பிறகு அடுத்ததில். பிறகு அதற்கடுத்ததில். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அப்படியேதான் போனேன்.

கடைசிக் குழியிலிருந்து தலையைத் தூக்கியபோது ஜன்னலில் சாயங்கால வெயில் இறங்கியிருந்தது. தூண் பக்கத்தில் செல்வி நின்றாள். மெஷின் ஓரமாகக் கிடந்தும், நான் பிளேடைத் தொடுகிற நேரத்தில் நிற்பதுபோலவே, பிளக்கைக் கையில் பிடித்து, தலைக்கு மேலே தூக்கியபடி.